டிஷ் எண்ட் பெரிசு, ஷெல் சிறிசு: வெசல் வேலையில் அளவு சேராதபோது என்ன செய்வது?

சேலம் சூரமங்கலம் பக்கம் ஒரு ஷெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். நூல் மில் ஒன்றுக்கு ஏர் ரிசீவர், அதாவது அழுத்தக் காற்றைச் சேர்த்து வைக்கும் உருளை வெசல். உள்விட்டம் 1200 மி.மீ., பிளேட் கனம் 12 மி.மீ. ஷெல்லுக்கு, அதாவது உருளை உடம்புக்கு, பிளேட் வெட்டி, ரோலிங் போட்டு, நீளவாட்டு வெல்டிங்கையும் முடித்துவிட்டோம். வெளியூரில் ஆர்டர் கொடுத்திருந்த டிஷ் எண்ட் (உருளையின் முனையை மூடும் குழிந்த மூடி) மறுநாள் காலையில் லாரியில் வந்தது. செயின் பிளாக்கில் தூக்கி ஷெல் வாயில் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் ஒரு படி. மேஸ்திரி கட்டைவிரலால் அந்தப் படியைத் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தார்.

"இதை எந்த அளவுக்கு வெட்டுனே தம்பி?"

"டிராயிங்ல இருக்கறபடிதாங்கண்ணா வெட்டுனோம்."

"நீ டிராயிங்கைப் படிச்சே, சரி. டிஷ் எண்ட் படிச்சுச்சா?"

அந்த ஷெல் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதை ஓரமாக உருட்டி வைத்துவிட்டு, புதுப் பிளேட் வாங்கி மறுபடி ஆரம்பித்தோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அன்றைக்குக் கற்றதைத்தான்: மாற்ற முடியாத பொருளை முதலில் அளந்துகொள்ளுங்கள், மாற்றக்கூடியதை அதற்கேற்ப வெட்டுங்கள். டிஷ் எண்ட் அச்சில் அழுத்தி வருகிறது, நம் ஷெட்டில் அதன் அளவை மாற்ற வழியில்லை. பிளேட் அப்படியில்லை, கேஸ் கட்டரைப் பற்றவைக்கும் வரை அது நம் பேச்சைக் கேட்கும்.

கீழே நான் சொல்லும் அளவு வரம்புகள் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) செக்‌ஷன் 8, டிவிஷன் 1 கோட் படியானவை. உங்கள் வெசல் பாய்லர் வகையில் சேர்ந்தால் ஐபிஆர் (இந்திய பாய்லர் ஒழுங்குமுறை) விதிகள் வரும். எந்தக் கோட், எந்தப் பதிப்பு என்பது டிராயிங்கின் மூலையில் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் என்ன கோளாறு என்று கண்டுபிடியுங்கள்

"சேரவில்லை" என்று சொன்னால் போதாது. சேராமல் போவதில் மூன்று வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் கூடும்.

ஒன்று, சுற்றளவு வித்தியாசம். இரண்டும் நல்ல வட்டம்தான், ஆனால் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. படி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும்.

இரண்டு, ஓவல். சுற்றளவு சரி, உருவம் கோணல். ஒரு பக்கம் ஷெல் வெளியே துருத்தும், 90 டிகிரி தள்ளி உள்ளே போயிருக்கும்.

மூன்று, எல்-சீம் (நீளவாட்டு வெல்டிங்) இருக்கும் இடத்தில் மட்டும் கூம்பு மாதிரி தூக்கி நிற்பது அல்லது தட்டையாகப் படுத்திருப்பது. ரோலிங் மெஷினில் பிளேட்டின் இரண்டு முனைகளையும் முன்கூட்டியே சரியாக மடக்காமல் விட்டால் இப்படி ஆகும்.

படியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாலே பாதி தெரிந்துவிடும். மேஸ்திரி அன்றைக்குச் செய்தது இதைத்தான். நான் அப்போது அவர் வருத்தத்தில் தடவுகிறார் என்று நினைத்தேன்.

அளப்பது எப்படி

புதியவர்கள் எல்லோரும் குறுக்கே டேப் பிடித்து விட்டத்தை அளப்பார்கள். 1200 விட்டத்தில் குறுக்கே பிடித்த டேப் மையத்தைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்தாலும் அளவு மாறும். ஓவலாக இருந்தால் எந்த விட்டத்தை நம்புவது என்றே தெரியாது. அதனால் சுற்றளவை அளங்கள். ஓவல் எவ்வளவு இருந்தாலும் சுற்றளவு மாறாது.

ஸ்டீல் டேப்பை ஷெல்லின் வெளிப்புறம் விளிம்பிலிருந்து 25 மி.மீ. தள்ளிச் சுற்றுங்கள். டேப் முனையில் இருக்கும் கொக்கியை நம்ப வேண்டாம், அது தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். 100-ஐத் தொடக்கமாக வைத்துப் பிடித்து, வரும் அளவில் 100 கழித்துக்கொள்ளுங்கள். எல்-சீம் வெல்டிங் மேடு டேப்பைத் தூக்கும், அந்த இடத்தை முதலில் கிரைண்டிங் செய்து சமப்படுத்துங்கள். டேப் சாய்ந்து போனாலும் அளவு கூடத்தான் காட்டும். அதனால் விளிம்புக்கு இணையாகச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு அதன் மேல் சுற்றுவது நல்லது. ஷெல்லையும் டிஷ் எண்டையும் ஒரே டேப்பால், ஒரே ஆள் இழுத்து அளக்க வேண்டும். அப்போது டேப்பில் தப்பு இருந்தாலும் இரண்டிலும் ஒரே தப்பு, கழிக்கும்போது போய்விடும்.

டிஷ் எண்டில் இன்னொரு வேலை உண்டு. நேர் விளிம்பின் ஓரத்தில் ஒரு முறை, 25 மி.மீ. உள்ளே ஒரு முறை அளங்கள். சில சமயம் ஓரம் மட்டும் மணி வாய் மாதிரி விரிந்திருக்கும். அப்படி இருந்தால் அந்த விரிந்த பகுதியை வெட்டி எடுத்தாலே சரியாகிவிடும். விரியாமல் நேராக இருந்தால் எவ்வளவு வெட்டினாலும் சுற்றளவு குறையாது. "கொஞ்சம் ட்ரிம் பண்ணிட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் இதை அளந்து காட்டுங்கள்.

சேலம் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதம் முற்றத்தில் கிடக்கும் டிஷ் எண்டை வெறுங்கையால் தொட முடியாது. ஷெட்டுக்குள் நிழலில் இருக்கும் ஷெல்லைவிட 20 டிகிரி கூடச் சூடாக இருந்தால், இந்த அளவு வெசலில் சுற்றளவு ஏறக்குறைய 1 மி.மீ. கூடும். 3 மீட்டர் விட்டம் என்றால் 2 மி.மீ.க்கு மேல். சிறிய வெசலில் இது பெரிய விஷயமில்லை, ஆனாலும் இரண்டையும் நிழலில் போட்டு, காலையில் டீ குடிப்பதற்கு முன் அளக்கும் பழக்கம் நல்லது.

ஓவல் பார்க்க, விளிம்பில் 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டுக் குறி போட்டு, எதிரெதிராக நான்கு உள்விட்டங்களை எடுங்கள். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் விட்டத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1200-க்கு 12 மி.மீ.

6.28-ஆல் வகுங்கள்

இந்த ஒரு எண்ணை மட்டும் ஹெல்மெட்டின் உள்ளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெளிச் சுற்றளவுகளின் வித்தியாசத்தை 6.28-ஆல் வகுத்தால், படியைச் சுற்றிலும் சமமாகப் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வரும் என்பது தெரியும்.

எங்கள் ரிசீவரையே எடுத்துக்கொள்வோம். 1200 உள்விட்டம், 12 கனம், வெளிவிட்டம் 1224. வெளிச் சுற்றளவு 3845 வர வேண்டும். ஷெல்லில் 3845 இருந்தது. டிஷ் எண்ட் ஓரத்தில் கனம் அதே 12, சுற்றளவு 3866. வித்தியாசம் 21. 6.28-ஆல் வகுத்தால் 3.3 மி.மீ. படி.

இது கூடுமா கூடாதா? 13 மி.மீ. கனம் வரை, எல்-சீம் ஆனாலும் சி-சீம் (சுற்று வெல்டிங்) ஆனாலும், மெல்லிய பிளேட்டின் கனத்தில் கால் பங்கு வரை படி இருக்கலாம். 12-க்கு 3 மி.மீ. எங்களுடையது 3.3. வரம்பைத் தாண்டியது 0.3 மி.மீ.தான், அதற்காக ஒரு ஷெல்லே போயிற்று.

கனம் கூடக் கூட வரம்பு பிரிகிறது. 13-க்கு மேல் 19 வரை எல்-சீமுக்கு 3 மி.மீ., சி-சீமுக்குக் கால் பங்கு. 19-க்கு மேல் 38 வரை எல்-சீமுக்கு அதே 3 மி.மீ.தான், சி-சீமுக்கு 5 மி.மீ. அதற்கும் மேல் என்றால் கோடில் இருக்கும் யூடபிள்யூ-33 அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

எல்-சீமுக்கு ஏன் கெடுபிடி அதிகம்? உருளைக்குள் காற்று அழுத்தும்போது, சுற்றுவாட்டில் கிழிக்கப் பார்க்கும் தகைவு நீளவாட்டில் இழுக்கும் தகைவைப்போல இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கைத் தாங்குவது எல்-சீம். படி இருந்தால் விசை நேராகப் போகாமல் வளைந்து போகிறது, அந்த வளைவு தனியாக ஒரு தகைவைச் சேர்க்கிறது. தட்டையான இரண்டு பிளேட் சேரும் இடத்துக்குக் கணக்குப் போட்டால், கூடுதல் தகைவு என்பது படியைக் கனத்தால் வகுத்து மூன்றால் பெருக்கியது. 12 மி.மீ. பிளேட்டில் 3 மி.மீ. படிக்கு முக்கால் பங்கு கூடுகிறது. வரம்புக்குள் இருக்கும்போதே இவ்வளவு என்றால், 5 மி.மீ. படியை வெல்டிங்கால் மூடி மறைப்பவரை என்ன சொல்வது?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஷ் எண்ட் அரைக்கோள வடிவமாக இருந்தால், அதை ஷெல்லோடு சேர்க்கும் சுற்று வெல்டிங்கைக் கோட் எல்-சீம் வகையில்தான் சேர்க்கிறது. சி-சீம் மாதிரி சுற்றி ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இன்னொன்று, டிஷ் எண்ட் செய்தவர் மேல் உடனே பாய வேண்டாம். வளைவின் வடிவம் விட்டத்தில் 1.25 சதவீதம் வெளியேயும் 0.625 சதவீதம் உள்ளேயும் விலகலாம் என்று கோடே இடம் கொடுக்கிறது. 1200-க்கு அது 15 மி.மீ., 7.5 மி.மீ. அவர் தன் வரம்புக்குள் சரி, நாம் நம் வரம்புக்குள் சரி, இரண்டும் மட்டும் சேராது. ஆர்டர் கொடுக்கும்போதே "வெளிச் சுற்றளவு இவ்வளவு, கூடக்குறைய இவ்வளவு, இரண்டு டிஷ் எண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுக்குள்" என்று எழுதினால்தான் கேட்க உரிமை உண்டு. நாங்கள் அன்றைக்கு வெறும் "1200 ஐடி, 12 தடி" என்று எழுதியிருந்தோம்.

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

பிளேட் இன்னும் வெட்டவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டிஷ் எண்டின் வெளிச் சுற்றளவில் இருந்து, ஷெல் கனத்தை 3.1416-ஆல் பெருக்கிக் கழியுங்கள். 3866-இல் 37.7 போனால் 3828. அதுதான் பிளேட்டின் வெட்டு நீளம். டிராயிங் படி வெட்டியிருந்தால் 3808 வந்திருக்கும். எல்-சீமுக்கு 2 மி.மீ. ரூட் கேப் (இரண்டு விளிம்புக்கும் நடுவில் இடைவெளி) விட்டால் வெல்டிங் சுருக்கம் ஏறக்குறைய அதைத் தின்றுவிடும், அதனால் எங்கள் ஷெட்டில் இரண்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் ஷெட்டில் இரண்டு மூன்று ஷெல்லை வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஷெல்லைப் பெரிதாக்குகிறீர்கள் என்பதை டிசைனரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது. உள்விட்டம் 1200 போய் 1206.5 ஆகிறது. விட்டம் கூடினால் தேவைப்படும் கனமும் அதே விகிதத்தில் கூடும். அரை சதவீதம்தான், பெரும்பாலும் கையிருப்புக் கனத்தில் அடங்கிவிடும். அடங்குகிறது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

இரண்டு டிஷ் எண்டும் வேறு வேறு அளவாக வந்தால்? வித்தியாசம் 8 மி.மீ. என்று வையுங்கள். நடு அளவுக்கு ஷெல் வெட்டினால் இரண்டு பக்கமும் 4 மி.மீ., அதாவது படி 0.64. இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ரோலிங் முடிந்து எல்-சீம் டேக் (தற்காலிகத் துண்டு வெல்டிங்) மட்டும்தான் அடித்திருக்கிறது, ஷெல் பெரிதாக இருக்கிறது என்றால், டேக்கை உடைத்து, கூடுதலான அகலத்தை ஒரு விளிம்பில் வெட்டி, பெவலை (வெல்டிங்குக்கான சாய்வு வெட்டை)ப் புதிதாக எடுத்து மறுபடி சேருங்கள். வெட்டியது முன்பு மடக்கிய முனை என்பதால் அந்த இடத்தின் வளைவை டெம்ப்ளேட் வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் திரும்ப ரோலரில் ஏற்றுங்கள்.

எல்-சீம் முழு வெல்டிங்கும் முடிந்து ஷெல் பெரிதாக இருந்தாலும் இதே வழிதான், செலவு மட்டும் கூடும். பழைய வெல்டிங்கையும் அதன் சூடு பாதித்த ஓரத்தையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். புதுச் சீமுக்கு ரேடியோகிராபி முதலிலிருந்து எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் கட்டரைக் கையில் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டுச் சொல்வதல்ல.

ஷெல் சிறிதாகிவிட்டால்தான் சிக்கல். ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. என்றால் பெவல் விளிம்பில் வெல்டிங் ஏற்றிக் கட்டலாம், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட வெல்டிங் முறை வேண்டும், ஏற்றிய இடம் முழுவதும் டிபி (சாயம் ஊடுருவும்) அல்லது எம்பி (காந்தத் துகள்) டெஸ்ட் வேண்டும். 20 மி.மீ. என்றால்? அகலம் குறைந்த ஒரு பட்டையை நடுவில் வைத்து இரண்டு எல்-சீம் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீம், இரண்டின் சூடும் ஒன்றன் மேல் ஒன்று, நான் அதைச் செய்ய மாட்டேன். டிஷ் எண்டைத் திருப்பி அனுப்பி, செய்தவரையே அளவு சரிசெய்யச் சொல்லலாம், அதற்குப் பிறகு ஹீட் ட்ரீட்மெண்ட் தேவையா என்பதை அவர் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் புது ஷெல். பழைய ஷெல் வீண் போகாது. எங்களுடையது ஓரமாக ஒரு வருஷம் கிடந்தது, அப்புறம் 3848 சுற்றளவில் வந்த ஒரு ஜோடி டிஷ் எண்டுக்குத் தானாகப் போய்ப் பொருந்தியது.

படி வரம்புக்குள் இருந்தால்: பங்கிட்டுச் சேர்ப்பது

படி 2 மி.மீ. என்று கணக்கு சொல்கிறது, வரம்பு 3. சரி, சேர்க்கலாம். ஆனால் 2 மி.மீ. என்பது சுற்றிலும் சமமாக வந்தால்தான். ஒரு பக்கம் தொட்டுக்கொண்டு நின்றால் எதிர்ப்பக்கம் 4 ஆகிவிடும். இங்கேதான் ஃபிட்டரின் கை வேலை.

ஷெல்லிலும் டிஷ் எண்டிலும் 0, 90, 180, 270 என்று சுற்றளவை நான்காகப் பிரித்து சென்டர் பஞ்ச் குறி போடுங்கள். விட்டம் வைத்துப் பிரிக்காதீர்கள், டேப் சுற்றி நீளத்தால் பிரியுங்கள். குறிக்குக் குறி பொருத்துங்கள். ஓவல் இருந்தால், டிஷ் எண்டின் நெட்டை அச்சும் ஷெல்லின் நெட்டை அச்சும் ஒரே பக்கம் வரும்படி முதலில் சுழற்றிப் பாருங்கள். இரண்டுமே 1 சதவீதத்துக்குள் இருந்தும், நெட்டையும் குட்டையும் மாறி விழுந்தால் படி வரம்பைத் தாண்டும். நாசில் (பைப் சேரும் குழாய் வாய்) எந்தப் பக்கம் என்பது முடிவாகாத கட்டத்திலேயே இதைச் செய்ய வேண்டும். ஷெல் இரண்டு கோர்ஸாக (அடுத்தடுத்த வளையமாக) இருந்தால், பக்கத்துக் கோர்ஸின் எல்-சீம்கள் தடித்த பிளேட்டின் கனத்தைப்போல் ஐந்து மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

டிஷ் எண்ட் வளைவினால் விறைப்பாக இருக்கும், ஷெல் வாய் துவளும். அதனால் ஷெல்லைத்தான் டிஷ் எண்டுக்கு வளைக்க வேண்டும். ஷெல்லுக்குள் ஸ்பைடர் (குறுக்குத் தாங்கி) வைத்து ஜாக்கியால் தள்ளலாம், வெளியே கிளீட் (தற்காலிகமாகப் பற்றவைக்கும் துண்டு) வைத்து ஆப்பு அடிக்கலாம். ஆப்பை ஒரே அடியில் இறக்காமல், சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு கொடுங்கள். 0, 180, 90, 270 என்ற வரிசையில் டேக் அடித்து, அப்புறம் நடுநடுவே. ஒரு பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாக டேக் அடித்துக்கொண்டே போனால், மொத்த வித்தியாசமும் நடந்து நடந்து கடைசி இடத்தில் ஒரு மூட்டையாக வந்து உட்காரும். புதிதாக வந்த பையன் டேக் அடித்தானா, பழைய ஆள் அடித்தானா என்பதை அந்த மூட்டையை வைத்தே சொல்லிவிடலாம்.

டேக் முடிந்ததும் ஹை-லோ கேஜை எடுத்து எட்டு இடத்தில் படியை அளந்து எழுதுங்கள். வரம்பைத் தாண்டிய இடத்தில் டேக்கை உடைத்து மறுபடி. இந்தக் கட்டத்தில் அரைமணி நேரம் போனால் போகட்டும், ரூட் (முதல் அடுக்கு வெல்டிங்) ஓட்டிய பிறகு அரைநாள் போகும்.

வரம்புக்குள் இருக்கும் படியையும் அப்படியே விடக் கூடாது. வெல்டிங் அகலத்துக்குள் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் இறக்க வேண்டும். 2 மி.மீ. படிக்கு 6 மி.மீ. நீளச் சரிவு. வெல்டிங் அகலம் போதவில்லை என்றால் பக்கத்தில் வெல்டிங் ஏற்றி நீட்டலாம், அதே டெஸ்டுகள் அதற்கும் உண்டு. பிளேட் கனமே வேறு வேறாக இருந்தாலும் இதே மூன்றுக்கு ஒன்றுதான். கன வித்தியாசம் மெல்லிய பிளேட்டின் கால் பங்கையோ 3 மி.மீ.யையோ, எது குறைவோ அதைத் தாண்டினால், தடித்த பிளேட்டை இழைத்தோ வேறு வழியிலோ அந்தச் சரிவைக் கொடுத்தே ஆக வேண்டும். இழைக்கும் முன் கனத்தைக் கேஜ் வைத்துப் பாருங்கள், குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போய்விடக் கூடாது.

கிளீட்டைக் கழற்றும்போது சம்மட்டியால் ஒரே அடியில் தட்டி எடுப்பது நம் ஊர் வழக்கம். அது வெசல் பிளேட்டிலிருந்து ஒரு சில்லைப் பிய்த்துக்கொண்டு போகும். 2, 3 மி.மீ. மேலே வெட்டி, மிச்சத்தை இழைத்து, டிபி டெஸ்ட் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் வெசலில் கிளீட்டும் ஸ்டெயின்லெஸ்தான், கிரைண்டிங் வீலும் தனி. சாதா இரும்பில் ஓடிய வீலை ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் கொஞ்ச நாளில் துரு பூக்கும். பால் வெசல் வேலையில் இதற்காகவே முழு உருப்படியும் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

செய்யவே கூடாதவை

பெரிய வாயில் வி வடிவத்தில் வெட்டி, நெருக்கிப் பிடித்து வெல்டிங் வைப்பது. தண்ணீர்த் தொட்டிக்குச் செய்பவர்கள் இருக்கிறார்கள், பிரஷர் வெசலில் அது குற்றம் என்றே நினையுங்கள்.

கேப் அகலமாகிவிட்டது என்று எலக்ட்ரோடு கம்பியையோ கட்டுக்கம்பியையோ உள்ளே வைத்து மேலே வெல்டிங் ஓட்டுவது. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். ரேடியோகிராபியில் கம்பி அப்படியே கோடாகத் தெரியும், ரேடியோகிராபி இல்லாத சீமில் தெரியாது. பயப்பட வேண்டியது அந்த இரண்டாவதுக்குத்தான்.

கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பது. பிளேட்டின் குணமே மாறிவிடும், மில் சர்டிபிகேட்டுக்கு அப்புறம் பொருளில்லை.

"ஹைட்ரோ டெஸ்ட் தாங்கிடுச்சு, அப்புறம் என்னங்க?" என்பார்கள். அனுமதித்த அழுத்தத்தைப்போல் 1.3 மடங்கில் ஒரு முறை தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது அது. ஏர் ரிசீவர் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படியில் பிறக்கும் விரிசல் ஒரு நாளில் வருவதில்லை.

பைப்பிலும் பிளேன்ஜிலும் இதே கதை

ஷெல் அளவு சேராதது கண்ணுக்குத் தெரியும். நாசிலில் சேராதது பெயரில் ஒளிந்திருக்கும். ஒரே "65 என்பி" (என்பி என்பது பெயரளவு விட்டம்) என்று சொல்லும் ஐஎஸ் 1239 பைப்புக்கு வெளிவிட்டம் 76.1, ஏஎஸ்எம்இ பைப்புக்கு 73.0. 125-இல் 139.7-உம் 141.3-உம். 150-இல் 165.1-உம் 168.3-உம். 100-இல் இரண்டும் 114.3, அதனால் 100-இல் பழகியவர் 150-இல் ஏமாறுவார். எல்போ ஒரு வகையும் பைப் ஒரு வகையுமாக வாங்கிவிட்டால் சுற்றிலும் 1.6 மி.மீ. படி. வெசல் நாசிலுக்கு டிராயிங்கில் சொன்ன தரத்துப் பைப்பைத்தான் போட வேண்டும், செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கைக்குக் கிடைத்ததை அல்ல.

வெல்ட் நெக் பிளேன்ஜ் (பைப்போடு வெல்டிங் செய்யும் கழுத்துள்ள போல்ட் வளையம்) வாங்கும்போது ஷெட்யூலையும் (பைப் கனத்தின் எண்) எழுதுங்கள். 100 என்பியில் ஷெட்யூல் 40-க்குக் கனம் 6.02, ஷெட்யூல் 80-க்கு 8.56. வெளியே சமமாக இருக்கும், உள்ளே 2.5 மி.மீ. படி இருக்கும். லேத்தில் கொடுத்துத் தடித்த பக்கத்தின் உள்துளையை மூன்றுக்கு ஒன்று சரிவில் கடைந்து வாங்கினால் தீர்ந்தது. இது எளிது.

போல்ட் ஓட்டை சேராதது எளிதில்லை. ஏற்காட்டில் ஒரு ஹோட்டலுக்குச் சுடுதண்ணீர் வெசல் செய்து கொடுத்தோம். டிராயிங்கில் நான் "100 என்பி பிளேன்ஜ்" என்று மட்டும் எழுதியிருந்தேன், ஷெட்டில் 150 கிளாஸ் போட்டார்கள். 20 ஹேர்பின் வளைவு ஏற்றி, நாலு பேர் சேர்ந்து இறக்கி, மேடையில் உட்கார வைத்து வால்வை எடுத்து வைத்தால் போல்ட் இறங்கவில்லை. ஹோட்டல் லைனில் இருந்தது டேபிள் இ என்ற வேறு தரத்துப் பிளேன்ஜ். இரண்டிலும் எட்டு ஓட்டை, அதனால் கீழேயே பார்த்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஓட்டைகளின் மைய வட்டம் ஒன்றில் 190.5, இன்னொன்றில் 178.

கூட வந்த ஹெல்ப்பர் கிரைண்டரை எடுத்துக்கொண்டு, "ஓட்டையை நீளமா இழுத்துடலாங்களா அண்ணா?" என்றான். பன்னிரண்டரை மி.மீ. வித்தியாசம், பக்கத்துக்கு ஆறே கால். இழுத்தால் கேஸ்கெட் உட்காரும் இடத்துக்கே ஓட்டை வந்துவிடும். வேண்டாம் என்று கிரைண்டரை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கத்து மைய வட்டத்தையும், ஓட்டை விட்டத்தையும், நடுவில் கிடைக்கும் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் ஒரு முனையில் 150 கிளாஸும் மறு முனையில் டேபிள் இயும் வைத்து ஒரு குட்டி ஸ்பூல் (இடையில் மாட்டும் பைப் துண்டு) செய்து, அதைத் தனியாக ஹைட்ரோ டெஸ்ட் பார்த்து, மேலே கொண்டுபோய் மாட்டினோம். பருவத்துக்குப் பருவம் அங்கே சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஸ்பூலைப் பார்ப்பேன். பெயிண்ட் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.